மெல்போர்னில் இல்லை, கப்பலில்

1

எங்கள் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறோம். போன மலரில், உறுப்பினர் பட்டியலில், ராமசுப்பு என்ற என் பெயருக்கு நேரே 'மெல்போர்ன்' என்று அச்சாகியிருந்தது. அது அச்சுப்பிழை இல்லை, நான் சொன்ன பொய். மலர்க் குழுவில் இருக்கிறவர்கள் பாவம், நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டார்கள். இந்த வருடம் திருத்தம் போட ஒரு வரி இடம் தருகிறோம் என்றார்கள். ஒரு வரியில் அடங்குகிற பொய்யா நான் சொன்னது? அதனால்தான் இத்தனை பக்கம்.

நானும் என் மனைவி கோதையும் ஒரு கப்பலில் குடியிருக்கிறோம். சரக்குக் கப்பல் இல்லை. ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுகிற உல்லாசக் கப்பல். பத்து நாள், இருபது நாள் என்று வந்து போகிறவர்கள்தான் அதில் அதிகம். அவர்களுக்கு நடுவே எங்களைப் போல வருடக் கணக்கில் அறை எடுத்துக்கொண்டு தங்கிவிட்ட கிழடுகள் கொஞ்சப் பேர் உண்டு. வந்து போகிறவர்கள் எங்களைப் பார்த்து, "இங்கேயேவா இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஏறி ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது.

காசுக்கு எங்கே போனாய் என்பீர்கள். தேவதானம் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்றேன். அதற்கு மேல் கேட்கிறவர்களுக்குப் பதில் கிடையாது.

2

முதலில் மெல்போர்ன் போனது உண்மை. எங்கள் ஒரே மகன் கண்ணன் அங்கே இருக்கிறான். நல்ல பிள்ளை. மருமகளும் நல்லவள். இரண்டு பேரும் காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார்கள். பேத்திக்கு நம் பாஷை புரியும், பேச வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். எனக்குப் பாதி விளங்கும். பாக்கிப் பாதிக்குத் தலையாட்டுவேன். தலையாட்டி ஒரு தடவை நாய்க்குட்டி வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நான்கு மாதத்தில் எனக்குத் தோட்டத்துப் புல் வெட்டத் தெரிந்துவிட்டது. கோதை நம் வில்லிபுத்தூர்க்காரி, கைமணம் உள்ளவள். அங்கேயும் விடிந்ததும் அடுப்படியில்தான் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. யாரும் நிற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே கண்ணன் கேட்பான், "அம்மா, என்ன டிபன்?" அதையே நானும் வருடக் கணக்காக மில் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டிருக்கிறேன். அப்பன் எட்டடி பாய்ந்தால் பிள்ளை பதினாறடி.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்குக் கண்ணன் பன்னிரண்டு நாள் கப்பல் பயணச் சீட்டு எடுத்துத் தந்தான். துறைமுகத்தில் அந்தக் கப்பலைப் பார்த்ததும் கோதை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆண்டாள் தேரு மாதிரில்ல இருக்கு," என்றாள். அன்றிலிருந்து கப்பல் எந்தத் துறைமுகத்தில் வந்து நின்றாலும், "தேரு நிலைக்கு வந்துருச்சு," என்பாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம் மேல் தளத்தில் உட்கார்ந்திருந்தோம். கோதை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பதறிவிட்டது. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. மணி ஆறரை ஆயிருச்சு. என்ன டிபன்னு யாரும் என்னைக் கேக்கல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மூணு நாளாத்தான் கேக்கல," என்றாள்.

இறங்குவதற்கு முந்தின நாள், இதிலேயே வருடம் முழுக்க இருக்க முடியுமா என்று கப்பல் அலுவலகத்தில் போய் விசாரித்தது நான் இல்லை, அவள்தான். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முப்பது வார்த்தை. அந்த முப்பதை வைத்துக்கொண்டே விலை முதல் துணி துவைப்பது வரை கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "ஊர்ல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றான். கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பொய் பிறந்தது.

3

என் அக்கா குருவம்மாளை ராஜபாளையத்தில் எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. என்னைவிட எட்டு வயது மூத்தவள். பக்கத்து வீடு. கண்ணனுக்கு மூன்று வயதில் கோதை டைபாய்டில் விழுந்து ஆறு மாதம் பிறந்த வீட்டில் கிடந்தபோது, பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். அவன் அவளை அத்தை என்று கூப்பிடுவதோடு சரி. செல்லம் எல்லாம் பெற்ற பிள்ளைகளுக்கு மேல்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவரை அவர் மகன்கள் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள். வசதியான இடம், அவருக்கும் பிடித்திருந்தது என்று கேள்வி. ஆனாலும் மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து வாசலில் நின்றபோது அக்கா பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை. "பெத்தவுகளக் கண்ணுக்கு மறைவாக் கொண்டு தள்ளுன வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். நீ போயிட்டு வா," என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அக்கா சொன்னால் சொன்னதுதான். இன்றுவரை அந்த வீட்டாரோடு பேச்சு கிடையாது.

கப்பல் என்று சொன்னால் அக்காவுக்கு எப்படி விளங்கும்? கண்ணன் எங்களைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்றுதான் விளங்கும். அதனால் எங்கள் மூன்று பேருக்குள் பேசி முடித்தோம். ஊருக்கு நாங்கள் மெல்போர்னில் இருக்கிறோம்.

கண்ணன் வீட்டு ஜன்னல் துணியில் ஒரு துண்டை மருமகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினோம். அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். நம் ஊரில் காலை பத்து மணி என்றால் மெல்போர்னில் பகல். நாங்களோ சில வாரம் விடியாத ஊரில் இருப்போம். கோதை தலையை வாரி, பொட்டு வைத்து, துணியைப் பின்னால் கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். இருந்தும் கொட்டாவி வந்துவிடும். "ஏட்டி கோதை, பகல்ல என்ன கொட்டாவி?" என்று அக்கா கேட்பாள். "வெயிலு மதினி," என்பாள் இவள்.

ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே கப்பல் கிளம்புகிற சங்கை ஊதிவிட்டார்கள். எலும்புக்குள் இறங்குகிற சத்தம். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "பக்கத்துல மில்லு இருக்குக்கா. ஷிப்ட் சங்கு."

"அங்கயும் மில்லு இருக்கா? சரிதான். நீ போற இடமெல்லாம் மில்லு வரும்," என்றாள் அக்கா. நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

4

இங்கேதான் நான் செய்த கூமுட்டைத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ராகு காலம் பார்க்காமல் நல்லது கெட்டது பேசக் கூடாது. காலண்டரில் போட்டிருக்கிற ராகு காலம் நம் ஊருக்கு. தம்பி இருக்கிற ஊருக்கு அங்கத்து உதயத்தை வைத்துத்தான் கணக்கு என்பது அவள் கட்சி. ஆகவே சனிக்கிழமைதோறும் என் போனில் அவள் பேசிப் பதிந்து அனுப்பின குரல் வந்து விழும்: "ஏலே சுப்பு, நாளைக்கு அங்க உதயம் எப்பம்? கேட்டுச் சொல்லு."

நான் சொல்லிவிடுவேன். கப்பலில் தினமும் அறைக்கு ஒரு தாள் வரும், அதில் மறுநாள் உதயம் போட்டிருக்கும். பார்த்து நிமிடம் பிசகாமல் சொல்வேன். இருக்கிற நாட்டையே மாற்றிச் சொன்னவனுக்கு மணியை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருடம் ஸ்பின்னிங் பிரிவில் ஷிப்ட் ரிஜிஸ்டர் எழுதிய கை. ஊர் பொய்யாக இருக்கலாம், மணி பொய்யாக இருக்கலாமா? மில்காரன் புத்தி.

ஒரு வாரம் ஐந்து பத்து. இன்னொரு வாரம் எட்டு. ஆனி மாதம் நார்வே பக்கம் போனபோது சூரியன் மறையவே இல்லை. மறையாத சூரியனுக்கு உதயம் ஏது? தாளில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். "மேகமா இருக்குக்கா, சரியாத் தெரியல," என்று சொல்லி வைத்தேன்.

"மேகம் மூடுனா மணியுமாலே மறைஞ்சு போவும்?" என்றாள் அக்கா. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததே ஒரு மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டிருக்க வேண்டும். எங்கே பட்டது?

5

கப்பல் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மலர்க் குழு கோபித்துக்கொள்ளும்.

எங்களுக்கு எதிர் அறையில் மார்கரெட் என்று ஒரு கனடாக்காரி. எண்பது தாண்டியவள். கோதை என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. முதல் நாளே சுருக்கி, "குட்மார்னிங், கோட்டி," என்றாள். நம் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். கோதை அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "நம்மூருப் பேச்சு இவளுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தா? எம்புட்டுக் கரெக்டா வையுதா," என்றாள். விளக்கிச் சமாதானம் செய்ய இரண்டு நாள் ஆனது. இப்போது அந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் கோட்டிதான். "கோட்டி, டார்லிங்," என்று கூப்பிட்டால் கையாட்டுகிறாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற அப்பாராவ் விசாகப்பட்டினத்துக்காரர். எங்கள் மில்லில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு என்பதால் எனக்கும் நாலு வார்த்தை வரும். பேசினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் ராஜபாளையத் தெலுங்கு அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பேசின தெலுங்காம். சிரித்த கடனுக்குத் தினமும் ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து தருகிறார். ரசம் மட்டும் கிடைக்காது. ஒரு தடவை கோதையிடம் ரசத்துக்கு ஆசையாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். "இங்க அடுப்படி எங்க இருக்கு, காட்டுங்க," என்றாள். நான் தயிரைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

விசா இல்லாத துறைமுகங்களில் மேல் தளத்தில் நின்று ஊரைப் பார்த்துக்கொள்வோம். விசா இருக்கிற இடத்தில் இறங்கினால் கேள்வி வரும். ஒரு துறைமுகத்தில் அதிகாரி கேட்டார், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று. இந்தக் கப்பலில் என்றேன். பார்த்து முடித்துவிட்டு எங்கே போவீர்கள் என்றார். இந்தக் கப்பலுக்கு என்றேன். கப்பல் எங்கே போகும் என்றார். சுற்றிவிட்டு அடுத்த வருடம் இங்கேயே வரும் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு கோதையைப் பார்த்தார். கோதை கைகூப்பி வணக்கம் சொன்னாள். முத்திரை குத்திவிட்டார்கள்.

பென்ஷனுக்கு வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும் அல்லவா? இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும் என்றார்கள். திரையில் ஒரு வட்டம் வரும், முகம் அதற்குள் அசையாமல் இருக்க வேண்டும். நான் அசையவில்லை. கப்பல் அசைந்தது. நான் சிமிட்டும்போதெல்லாம் முகம் வட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். கோதை என் தலையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்தாள். போன், இரண்டு முகம் தெரிகிறது என்றது. கடைசியில் துறைமுகத்தில் கட்டின பிறகுதான் நான் உயிரோடு இருப்பது உறுதியானது.

பசிபிக் கடலில் தேதிக்கோடு என்று ஒன்று உண்டு. அதைக் கிழக்கே தாண்டினால் ஒரே கிழமை இரண்டு தடவை வரும். எங்களுக்கு வந்தது புரட்டாசிச் சனிக்கிழமை. ஊரில் இருந்தால் கோதை வில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேர் உள்ள பெருமாள் மலையில் படியேறிச் சேவித்துவிட்டு வருவாள். இங்கே விரதம் மட்டும். ஒரு சனிக்கிழமை விரதம் இருந்து, மறுநாள் எழுந்தால் அதுவும் சனிக்கிழமை. இரண்டு நாளும் இருந்தாள். ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, "அவரு ரெண்டு குடுத்தா ரெண்டும் அவருக்குத்தான்," என்றாள். அந்த இரண்டு சனிக்கிழமைக்கும் அக்காவின் குரல் ஒரு தடவைதான் வந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. கண்ணன் வாரம் ஒரு தடவை பேசுவான். அத்தை எப்படி இருக்கிறாள், பேசினாயா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவான். "வேலை ஜாஸ்திப்பா," என்பான். பிள்ளைகள் ஊரை மறப்பது இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று நானும் அவனை இரண்டு தடவை கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

6

போன மாதம் கப்பல் கொச்சிக்கு வருவதாகத் தாளில் போட்டார்கள். காலை வந்து சாயங்காலம் கிளம்பும். அன்று மாலைக்குள் அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தத் தாளிலும் நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

கோதை மூன்று நாள் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நம்ம ஊருக்கு ஆறு மணி நேரத் தொலைவுல வந்து நின்னுக்கிட்டு மதினிகிட்டப் பொய் சொல்ல என்னால ஆகாது. சொல்லிருவோம். அவுக வேண்டாம்னா இறங்கிருவோம். கண்ணன அவுக ஒதுக்கி வச்சுட்டு எனக்கு இந்தக் கப்பல் வேண்டாம்."

சொல்லும்போது குரல் உடைந்தது. அவளுக்கு இறங்க மனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இறங்கினால் மறுநாள் விடியும்போது அடுப்படி.

அக்காவுக்குப் போன் போட்டேன். அப்போதும் முழுதாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணன் ஒரு கப்பல் பயணத்துக்கு அனுப்பியிருக்கிறான், கொச்சியில் ஒரு நாள் நிற்கும் என்று சொன்னேன். "சரிலே, வாரேன்," என்றாள். எத்தனை நாள் பயணம் என்றுகூடக் கேட்கவில்லை.

வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கினாள். அத்தானுக்குக் காரில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. ஒரு பையில் காரச்சேவும் பால்கோவாவும், இன்னொரு பையில் என்ன என்று தெரியவில்லை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கோதை அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா விடுவித்துக்கொண்டு இரண்டாவது பையைத் திறந்தாள்.

ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. தினசரி காலண்டரில் கிழித்த ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு மணி.

ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "அஞ்சு பத்து. இது எந்த ஊருலே?"

"ஜப்பான் பக்கம்கா," என்றேன்.

"எட்டு?"

"போர்ச்சுகல்."

"இது 'மேகம்'னு எழுதியிருக்கேன்."

"நார்வே. அங்க சூரியன் மறையலக்கா."

அக்கா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மறையலையா? அப்பம் ராகு காலம் எம்புட்டு நேரம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே கோபம் வந்தவள் மாதிரி தாளைக் கட்டில் சொருகினாள்.

"மூணு மாசத்துலயே கண்டுபிடிச்சுட்டேம்லே. அந்த ஊருச் சூரியனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கான்னு பாத்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணனுக்கே போனப் போட்டு, உங்க ஊருல இன்னைக்கு உதயம் எப்பம்லேன்னு கேட்டேன். அவன் ஒண்ணு சொல்லுதான், நீ ஒண்ணு சொல்லுத. எங்கலே வச்சிருக்க அவியளன்னு கேட்டேன். கப்பல்லன்னான். அன்னைக்கு விட்டேன் அவன் பேச்ச. அப்பன்கிட்ட இதச் சொன்னா நான் செத்தாலும் வராதன்னும் சொல்லிட்டேன்."

ஒரு வருடமாக அத்தை அவனோடு பேசவில்லை. ஒரு வருடமாக அவன் அதை எங்களிடம் சொல்லவில்லை. அவன் பெயரைக் காப்பாற்றத்தான் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் அவனுக்கு அத்தையை இல்லாமல் ஆக்கியிருக்கிறது. அவனைப் போய் ஊரை மறந்தவன் என்று கடிந்துகொண்டேனே, நான் என்ன மனுஷன்.

"அவன் மேல தப்பு இல்லக்கா, நாங்களாத்தான்," என்று ஆரம்பித்தேன்.

"பெத்த பிள்ளைய விட்டுக் குடுப்பியாலே நீ? நீ சும்மா இரு," என்றாள் அக்கா.

அப்போது கோதை பேசினாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"மதினி, இவுக இல்ல, கண்ணனும் இல்ல. நாந்தான். அவன் வேண்டாம் வேண்டாம்னு அழுதான். எனக்கு அடுப்படிக்குப் போகப் பிடிக்கல மதினி. ஆகாம இல்ல, முடியாம இல்ல. பிடிக்கல. இத வாயத் தொறந்து சொன்னா ஊரு சிரிக்கும். கப்பல்ல அடுப்படி கிடையாது. அதுக்காகத்தான் ஏறுனேன். நீங்க இறங்குன்னா இன்னைக்கே இறங்கிருதேன். அந்தப் பிள்ளைகிட்டப் பேசிருங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் மூன்று டீயை வைத்துவிட்டுப் போனார். அக்கா டீயைத் தொடவில்லை. கோதை பக்கம் திரும்பினாள்.

"அப்பம் சாயங்காலம் டிபனுக்கு?" என்று கேட்டாள்.

"அவுகளே போட்டிருப்பாக மதினி."

"இன்னைக்கு என்னன்னு நீ சொல்ல வேண்டாமா?"

"நான் சொல்லவே வேண்டாம். போயி உக்காந்தாப் போதும்."

"பாத்திரம்?"

"அதயும் அவுகதான்."

அக்கா டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். "போனத் தாலே. அவன் நம்பரப் போடு."

போட்டுக் கொடுத்தேன். எடுத்ததும் கண்ணன், "என்னப்பா?" என்றான்.

"அப்பன் இல்லலே, அத்த. சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் நாற்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி விசும்புகிறது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அழாத. அத்தைக்குத்தான் புத்தி இல்ல. அழாதலே," என்றாள். நானும் அழுதேன். அதை இங்கே எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

திரும்பும்போது துறைமுக வாசல் வரை வந்தாள். தூரத்தில் கப்பல் நின்றது. "எம்புட்டுப் பெருசு," என்றாள். செத்த நேரம் நின்று பார்த்தாள். "இதுல ஒத்த ஆளுக்கு ரூமு இருக்குமாலே?"

"இருக்குக்கா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினாள். "ஒளிச்சு வச்சது போதும். உங்க மில்லுப் பொஸ்தகத்துல நடந்தத நீயே எழுதிரு. அந்தப் பிள்ள மேல ஊருல ஒரு சொல்லு வரப்புடாது," என்றாள். அந்த உத்தரவுப்படிதான் இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போட்ட தாளை அன்று ஐந்து மணிக்குக் கோதையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

7

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல அக்கா குரல் வந்து விழுந்தது. உதயம் கேட்பாள் என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் போட்டுக் கேட்டேன். "ஏட்டி கோதை, நாளைக்குச் சாயங்காலம் அங்க என்ன டிபன்? கேட்டுச் சொல்லு."

கோதை அப்பாராவிடம் கேட்டு, பதினான்கு பதார்த்தத்தின் பெயரையும் ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினாள். சரியாக உச்சரித்தாளா என்பது வேறு விஷயம். அதிலிருந்து வாரா வாரம் இதுதான். உதயம் எந்த ஊரில் எப்போதானால் என்ன, இப்போது யாரும் கேட்பதில்லை.

நேற்று அத்தான் என்னைக் கூப்பிட்டார். அவர் போன் போடுகிற ஆள் இல்லை.

"ஏ மாப்ள, கொச்சில வச்சு என் பொண்டாட்டிக்கு என்ன மருந்து வச்சீக?"

"என்ன அத்தான், என்ன ஆச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம் என்ன டிபன்னு கேட்டேன். என்னைக் கேக்காதீக, நான் இன்னைக்குக் கப்பல்ல இருக்கேன்னுட்டு டிவி முன்னாடி உக்காந்துட்டா. ஏந்திரிக்கவே இல்ல."

"பொறவு என்ன செஞ்சீக?"

"என்ன செய்ய? உப்புமாவாவது கிண்டுவோம்னு அடுப்படிக்குள்ள போனேன். வரிசையா டப்பா வச்சிருக்கா மாப்ள, ஒண்ணுலயும் பேரு எழுதல. அம்பது வருசம் தின்னிருக்கேன். ரவை எந்த டப்பாவுலன்னு தெரியல."

பின்னால் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் ரவை எந்த டப்பாவில் இருந்தது என்று எனக்கும் தெரியாது. அதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. கோதை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.